பழைய மென்பொருளுக்கு எந்தக் கணினி? கேள்வி பதில்

கே: டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) காலத்துக் கணக்கு மென்பொருள், புதுக் கணினியில் ஓட மறுக்கிறது. எதை வாங்கலாம்?

ப: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்து 16 பிட் நிரலைத் தொடாது. அதை ஓட்டக்கூடிய 32 பிட் பதிப்பே விண்டோஸ் 11-இல் கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற எமுலேட்டரை (பழைய கணினிபோல் நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பாருங்கள், பிரிண்டும் எடுக்கலாம். அதற்கு முன்னால் பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாக இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்து வையுங்கள்.

கே: புது லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி போடலாமா?

ப: வேண்டாம். இன்டெல் செயலி என்றால் 2012-இல் வந்த 3-ஆம் தலைமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வந்த உள்ளமை கிராஃபிக்ஸுக்கு எக்ஸ்பி டிரைவர் இல்லை. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டாவை (டிஸ்க் இணைப்பு) பழைய ஐடிஇ முறைக்கு மாற்ற மறந்தால் நிறுவும்போதே நீலத் திரைதான்.

கே: டர்போ பாஸ்கலில் (டாஸ் காலத்து நிரலாக்கக் கருவி) எழுதிய நிரல் ‘ரன்டைம் எரர் 200’ காட்டி நின்றுவிடுகிறது. ராம் கூட்டட்டுமா?

ப: ராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் செயலி வேகமாக இருப்பதுதான் குற்றம்! நிரல் தொடங்கியதும் அதிலுள்ள சிஆர்டி யூனிட் (டர்போ பாஸ்கலோடு வரும் துணை நிரல்) ஒரு வெற்றுச் சுற்றை ஓடவிட்டு, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது சுமார் 55 மில்லிவினாடிக்குள், எத்தனை சுற்று போனது என்று எண்ணும். அந்த எண்ணை 55-ஆல் வகுத்து ‘டிலே’க்கு (நிரலைச் சற்று நிறுத்திவைக்கும் கட்டளை) அளவு வைத்துக்கொள்ளும். ஈவு 65535-ஐத் தாண்டினால் 16 பிட்டில் அடங்காது. அடங்காத ஈவுக்கும் பூச்சியத்தால் வகுத்ததற்கும் செயலி எழுப்பும் தடங்கல் ஒன்றே. அதனால்தான் பூச்சியமே இல்லாத இடத்தில் ‘பூச்சியத்தால் வகுத்தல்’ என்று புகார் வருகிறது. மூல நிரல் கையில் இருந்தால் திருத்திய சிஆர்டியோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள். இல்லையா, அந்த எக்ஸி கோப்புக்கே பேட்ச் (திருத்த ஒட்டு) போடலாம். விண்டோஸ் 95-உம் இதே ரகம்தான்: 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 செயலியில் துவங்கும்போதே தடுக்கி விழுந்தது. பேட்ச் போடும் முன் இமேஜ்!

கே: விண்டோஸ் 98-க்கு 2 ஜிபி ராம்?

ப: 512 எம்பி போதும். அதற்கு மேல் போனால் ‘நினைவகம் போதவில்லை’ என்று அழும். டிஸ்க் 137 ஜிபியைத் தாண்டக் கூடாது.

கே: எக்ஸ்பிக்குப் புது டெஸ்க்டாப்...

ப: மேலே இரண்டாவது கேள்வி.

கே: எமுலேட்டர் இருக்கும்போது எதற்குப் பழைய இரும்பு?

ப: பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் துளை) டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவிபோன்ற கருவி) செருகினால்தான் திறக்கும் மென்பொருளை என்ன செய்வீர்கள்?

கே: யுஎஸ்பி கன்வர்ட்டர் இருக்கிறதே?

ப: அது பிரிண்டருக்கு. டாங்கிள் தேடுவது 378 என்ற போர்ட் முகவரியை. கன்வர்ட்டர் அந்த முகவரியில் வந்து உட்காராது.

கே: சரி, பழைய மதர்போர்டு செத்தால்? எமுலேட்டர் சாகாதே!

ப: நியாயம்தான். 486 போர்டுகளில் ஒட்டியிருக்கும் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்திலிருக்கும் செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். வாங்கினால் முதலில் அதைக் கழற்றுங்கள். 2000-களின் தொடக்கத்துப் போர்டு என்றால் மண்டை உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஐஎஸ்ஏ கார்டு (மதர்போர்டில் செருகும் பழைய வகை அட்டை) வழியாக ஒரு இயந்திரத்தையே ஓட்டுகிறவருக்கு எந்த எமுலேட்டரும் உதவாது. அவருக்கு ஐஎஸ்ஏ ஸ்லாட் வைத்த தொழிற்சாலைப் போர்டுதான் வழி. மென்பொருள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லாமல் ‘எல்லாம் எமுலேட்டரில் ஓடும்’ என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கே: 86பாக்ஸ் எமுலேட்டர் பென்டியம் 2 வரை...

ப: விளையாட்டுக்கு அருமை. டாங்கிளை எங்கே செருகுவீர்கள்?

கே: இமேஜ் எடுத்தாயிற்று. அதே எக்ஸ்பி கணினியில் வங்கி வேலையும் பார்க்கலாமா?

ப: கூடாது. 2014 ஏப்ரல் 8-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.