'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட சிடியை விற்கலாமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் படிக்கிறேன். கைச்செலவுக்காக மாலையில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்க்கிறேன். வானொலி நிலையத்தில் இருக்கும் ஒருவர் மாதம் ஒருமுறை பெட்டி நிறைய சிடி கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறார். எல்லாவற்றிலும் 'விளம்பரத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. அந்த எழுத்தை மறைத்து விலை ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார் முதலாளி. போன வாரம் ஒரு உறைக்குள், 'கேட்டுப் பாருங்கள்' என்று ஒரு சின்ன இசைக்குழு கையால் எழுதிய கடிதம் இருந்தது. அதிலிருந்து மனசு சரியில்லை. நான் திருட்டுப் பொருளா விற்கிறேன்?

பதில்: தம்பி, அந்த அச்சு இருப்பதாலேயே அது திருட்டுப் பொருள் ஆகிவிடாது. உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே இதற்கு வழக்கு நடந்திருக்கிறது. இசை நிறுவனங்கள் விளம்பரத்துக்காக வானொலிக்காரர்கள் போன்றவர்களுக்கு இலவசமாக அனுப்பும் இப்படிப்பட்ட சிடிகளை, அகஸ்டோ என்பவர் பழைய கடைகளில் வாங்கி ஈபே இணையச் சந்தையில் விற்றார். 'இவை எங்கள் சொத்து, கேட்பதற்காக மட்டும் கொடுத்தோம்' என்று யுனிவர்சல் இசை நிறுவனம் வழக்குப் போட்டது. 2008-இல் தோற்றது, மேல்முறையீட்டில் 2011-இலும் தோற்றது. யாரும் கேட்காமலேயே தபாலில் அனுப்புகிறீர்கள், திருப்பிக் கேட்பதில்லை, எங்கே போனது என்று கணக்கும் வைப்பதில்லை. அப்படியென்றால் கொடுத்தது கொடுத்ததுதான் என்றது நீதிமன்றம். இதற்கு வேர் 1908-இல் இருக்கிறது. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பகம் அச்சிட்ட நாவலை மேசீஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. ஒருமுறை விற்ற பிரதியின் மேல் பதிப்பகத்துக்கு அந்தப் பிடி கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, பாடியவருக்குக் காசு போகவில்லையே என்பீர்கள். விளம்பரப் பிரதிக்குப் பெரும்பாலும் ராயல்டி கிடையாது, உண்மைதான். ஆனால் உங்கள் கடையில் மற்ற அலமாரிகளில் இருக்கும் பழைய தட்டுகளுக்கும் அவருக்கு ஒரு காசு போவதில்லை. பழைய தட்டுக் கடையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அச்சில் இல்லாத எத்தனையோ தட்டுகளை இன்றும் கேட்கக் கிடைக்க வைப்பது அந்தக் கடைகள்தான்.

எனக்கு உறுத்துவது அந்த ஸ்டிக்கர். விளம்பரப் பிரதி என்று தெரியட்டும் என்றுதான் கம்பெனிகள் உறையின் மூலையை வெட்டின, பார்கோடில் துளை போட்டன, தங்க நிறத்தில் முத்திரை குத்தின. அதை மறைத்தால், வாங்குகிறவர் கடைப் பிரதி என்று நம்பி அதற்கான விலையைக் கொடுப்பார். இது நேரடியாக அவரை ஏமாற்றுவது. முத்திரை தெரியும்படி வைத்து, குறைந்த விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லப்போனால், விளம்பரப் பிரதி என்று காட்ட வெள்ளை லேபிளோடு வந்த பழைய தட்டுகளை அதற்காகவே தேடி வாங்கும் சேகரிப்பாளர்களும் உண்டு.

இன்னொன்று, வெளியீட்டு நாளுக்கு முன்பே வந்துவிடும் பிரதி. அதை அன்றைக்கே அலமாரியில் வைப்பது தப்பு. பல மாத உழைப்பின் முதல் நாளைக் கெடுக்கிற காரியம் அது. நாள் வரும்வரை உள்ளே இருக்கட்டும்.

அப்புறம் அந்த வானொலிக்காரர். உறையின் மேல் யார் பெயர் இருந்தது? அவர் பெயருக்கு வந்ததென்றால் அவருடையது. நிலையத்தின் பெயருக்கு வந்ததை அவர் அள்ளிக்கொண்டு வந்தால், நீங்கள் கேட்ட திருட்டு அங்கேதான் இருக்கிறது. நிலையத்துக்குத் தெரியுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். ஸ்டிக்கரை எழுத்தின் மேல் ஒட்டாமல் ஓரமாக ஒட்டுகிறேன் என்றும் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

அந்தக் கடிதம் வந்த சிடி வேறு. பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் இறைப்பது போல இல்லை. அந்தப் பிள்ளைகள் சொந்தக் காசில் தட்டு போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கும். இருந்தாலும் இந்த ஒன்றை நீங்களே வாங்கிவிடுங்கள். ராத்திரி அறைக்குப் போய் முழுசாகக் கேளுங்கள். கடிதத்தில் முகவரி இருந்தால், எந்தப் பாட்டு பிடித்தது என்று நான்கு வரி எழுதிப் போடுங்கள்.