அடிக்கடி சீதபேதி வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வருமா? குடல் பாக்டீரியா சோதனை எடுக்கலாமா?

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 41, ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை ரத்தமும் சளியுமாகப் போயிருக்கிறது, அப்பாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய். ஆன்லைனில் விற்கும் குடல் பாக்டீரியா சோதனையை வாங்கலாமா என்கிறீர்கள். வேண்டாம், அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

பெற்றோரில் அல்லது கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில் குடலைப் பார்த்துவிட வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். நோய் வந்தவரின் வயதில் பத்தைக் கழித்தால் 40-க்கும் குறைவாக வருமென்றால், அந்த வயதிலேயே பார்க்க வேண்டும். உங்கள் கணக்கில் அந்த நாள் போன வருஷமே வந்துவிட்டது. ரத்தம் வேறு போயிருக்கிறது. அரசு மருத்துவமனையில் வரிசை நீளமாக இருக்கலாம். அதனால் கிளினிக்கில் கடிதம் எழுதும்போதே அப்பாவுக்கு நோய் வந்த வயதையும், உங்களுக்கு எத்தனை தடவை ரத்தம் போனது என்பதையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் பார்க்கும் ஃபிட் சோதனை உங்கள் நிலைமைக்குப் போதாது. பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சதை மொட்டு, எல்லாப் பாலிப்பும் ரத்தம் கசியாது. கசிந்தாலும், மாதிரியை இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டால் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சிதைந்து 'இல்லை' என்று பதில் வரலாம். டர்பன் பிப்ரவரி வெக்கையில் இதை மறக்கவே கூடாது.

இனி தொற்று. டர்பன் வட்டாரம் சீதபேதியைத் தரும் அமீபா பற்றிய ஆராய்ச்சிக்குப் பல பத்தாண்டுகளாகப் பேர் போனது. உங்களுக்கு வந்தது அமீபாதான் என்று நான் சொல்லவில்லை, பாக்டீரியாச் சீதபேதியாகவும் இருக்கலாம். அமீபாவாக இருந்தால் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் என்ற மருந்து குடல் சுவருக்குள் புகுந்த அமீபாவைக் கொல்லும், குடலின் உள்வெளியில் தங்கியிருப்பதை முழுதாகத் தீர்க்காது. அதற்கு பாரமோமைசின் அல்லது டைலாக்ஸனைட் போன்ற இரண்டாவது மருந்து வேண்டும். அது கொடுக்காமல் விட்டால் நோய் திரும்பலாம். மூன்று தடவை வந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அமீபாவால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அது புற்றுநோய் போல வேஷம் போடும். பெருங்குடல் தொடங்கும் சீக்கம் பகுதியில் அமீபோமா என்ற கட்டி வரும். ஸ்கேனில் பார்த்தால் புற்றுக்கட்டியேதான் என்று தோன்றும், மருந்து கொடுத்தால் சுருங்கிவிடும். இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. அமீபாப் புண்ணை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடக்கூடும். எனவே கொலோனோஸ்கோப்பியில் புண் தெரிந்தால் பயாப்ஸி (சோதிக்கச் சின்னத் துணுக்கு) எடுத்து, அமீபாவையும் தேடச் சொல்லுங்கள்.

குடல் பாக்டீரியாவால் புற்றுநோய் வரலாம் என்று வரும் செய்திகள் வேறு ரகம். பேதியைக் கிளப்பும் கிருமிகள் பெரும்பாலும் வந்து போய்விடும். புற்றுநோயில் சந்தேகப்படுபவை சத்தமில்லாமல் குடியிருப்பவை. சில ஈ.கோலை வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சைச் செய்கின்றன. இது டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. செல் பிரியும்போது அந்த முடிச்சில் எழுத்துப் பிழை விழுகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனிதக் குடல் செல்லை ஆய்வகத்தில் குட்டி உருண்டைகளாக வளர்த்து, அதற்குள் இந்தக் கிருமியை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். அப்போது விழுந்த பிழைகளின் அச்சு, நோயாளிகள் சிலரின் கட்டியிலும் அப்படியே இருந்தது. 2020-ல் வெளிவந்தது இது. 2025-ல் 11 நாடுகளின் 981 கட்டிகளை அலசியபோது, 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்த அச்சு, 70-க்கு மேற்பட்டவர்களைவிட 3.3 மடங்கு அதிகம் தென்பட்டது. கிருமி சின்ன வயசிலேயே வேலையைத் தொடங்கியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கடைச் சோதனையில் பயன் இல்லாதது இதனால்தான். இந்தக் கிருமி நலமாக இருக்கும் பலரிடமும் உண்டு. இன்று உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தாலும், முப்பது வருஷத்துக்கு முன் விழுந்த அச்சை அது காட்டாது. தெரிந்து செய்வதற்கும் ஒன்றுமில்லை. ஆன்டிபயாட்டிக் போட்டு விரட்டலாமே என்றால், எலியில் ஃபியூசோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா உள்ள கட்டியை மெட்ரோனிடசோல் மெதுவாக்கியது உண்மைதான். மனிதருக்கு அதைத் தடுப்பு மருந்தாகக் கொடுக்க எந்த ஆதாரமும் இல்லை. ப்ரோபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியா என்று விற்பதை வாங்குவதென்றால் லேபிளைப் படியுங்கள். ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற பழைய ப்ரோபயாட்டிக் வகையிடம் கோலிபாக்டின் செய்யும் மரபணுக்களே இருக்கின்றன.

உங்கள் கையில் இருப்பது சாப்பாடு. இதற்கான மிக அழகான சோதனையில் ஒரு பாதி நம் குவாசுலு-நாட்டாலிலேயே நடந்தது. ஸ்டீபன் ஓ'கீஃப் குழு கிராமத்து ஆப்பிரிக்கர் 20 பேர், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேர் என்று எடுத்து, இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தது. 2015-ல் முடிவு வந்தது. நார்ச்சத்தை ஒரு நாளைக்கு 55 கிராமாக ஏற்றிய அமெரிக்கர்களுக்குக் நார்ச்சத்திலிருந்து குடல் பாக்டீரியா செய்யும், குடலைக் காக்கும் பியூட்டிரேட் என்ற பொருள் இரண்டரை மடங்கானது. பர்கரும் சிப்ஸும் சாப்பிட்ட கிராமத்தாருக்கு அது பாதியானது. இரண்டே வாரத்தில்! புற்றுநோய் வரும், வராது என்று இது நிரூபிக்கவில்லை. குடல் எவ்வளவு சீக்கிரம் சாப்பாட்டுக்கு இணங்குகிறது என்பதைக் காட்டியது.

நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. சுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் விதை) கறியும் சோளமாவுப் புட்டுவும் வாரத்தில் நாலைந்து நாள் வரட்டும். ஒரேயடியாக ஏற்றினால் வயிறு ஊதி இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். வேகவைத்த பீன்ஸ் அரை கப்பில் தொடங்கி, வாரம் ஒரு கரண்டி கூட்டுங்கள். சோளமாவுப் புட்டு ஆறினால் அதில் ஜீரணமாகாத மாவுச்சத்து கூடும், அதுதான் பியூட்டிரேட் செய்யும் கிருமிக்குத் தீனி. ஆடி மாசக் கூழை ஆறவைத்துக் குடிப்பதில் இந்த நன்மையும் உண்டு. ஆனால் ஆறிய சோற்றையும் புட்டுவையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லாவிட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வாந்தியைக் கொண்டுவரலாம். பொலோனி, வியன்னா போன்ற சாசேஜ் தினமும் வேண்டாம். பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் என்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது.

கொலோனோஸ்கோப்பிக்கு மூன்று நாள் முன்பு மட்டும் இது அத்தனையும் தலைகீழ். பீன்ஸ், கடுகு, கறிவேப்பிலை, தக்காளி விதை எதுவும் கூடாது. கடுகு, விதை கேமராக் குழாயை அடைத்துவிடலாம், விதை ஒட்டிய இடத்தில் சின்னப் பாலிப் கண்ணில் படாமல் போகலாம். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், குடல் கறுத்துவிடும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். பேதிப் பொடியின் பாதியை முந்தின மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பும் குடியுங்கள். முழுவதையும் ராத்திரியே குடித்தால் விடிவதற்குள் வலப்பக்கக் குடலில் மறுபடி கசடு சேர்ந்துவிடும். சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், ரத்தம் போலத் தெரியும்.

முடிந்ததும் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பாலிப், என்ன அளவு, எந்த வகை என்பதை வைத்துத்தான் அடுத்தது எப்போது என்று முடிவாகும். அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போய், லின்ச் என்ற பரம்பரை வகைக்குச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் 40 கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். இன்றைக்கே ஃபோன் செய்து சொல்லுங்கள்.