சாவி யார் மேசையில் இருக்கிறது?

கேள்வி: அரசு அலுவலகங்களில் ஆண் பெண் சமத்துவத்தை வளர்க்க என்ன செய்யலாம்?

நான் கேரள அரசு ஊழியர், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், ஃபைலில் மலையாளம். பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வு) எழுதி வந்தவர்கள் நாங்கள், சம்பளத்தில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. யாருக்கு எந்த சீட் என்று பிரிக்கும்போதுதான் வித்தியாசம் வருகிறது.

சேர்ந்த அன்றே எனக்குத் தபால் சீட். எனக்கு முன்னால் அதில் இருந்தவரும் பெண், அவருக்கு முன்னாலும் பெண். இடம் போய்ப் பார்ப்பது, அளப்பது, தகராறு விசாரிப்பது எல்லாம் ஆண்களுக்கு. நானும் போகிறேன் என்று கேட்டபோது சூப்பிரண்டு சார், "வெயில்ல உனக்கு எதுக்கு மோளே (மகளே) அலைச்சல்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று வருஷம் கழித்து ஒரு பொறுப்பான சீட்டுக்கு என் பெயர் வந்தபோது "அதுக்கு ஃபீல்டு பழக்கம் இல்லையே" என்று சொன்னவரும் அவரேதான். அனுப்பினால்தானே பழகும்?

இன்னொன்று, கழிப்பறை. பெண்கள் கழிப்பறைச் சாவி சூப்பிரண்டு சார் மேசை டிராயரில் இருக்கும், மனு கொடுக்க வந்தவர்கள் நிற்கும்போதே போய்க் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே காலையில் பாதி டம்ளர் தண்ணீரோடு கிளம்பி வருவோம். நானும் ஒரு சேச்சியும் எழுதிக் கொடுத்தோம், மறுநாளே கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துச் சாவியை மாட்டிவிட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயத்தை யாரும் அதுவரை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

அதனால் என் பதில் இதுதான்: ஃபீல்டு வேலையை முறை வைத்து எல்லாருக்கும் எழுத்தில் பிரித்துக் கொடுங்கள். அப்புறம், 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது, குழுவில் இருப்பவர்கள் பெயர்களோடு சேர்த்து அதையும் போர்டில் எழுதி வையுங்கள்.

விதிகளையும் விடாதீர்கள். வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றே ஒரு விதி இருந்தது. அந்தப் பணியில் இருந்த முத்தம்மா என்ற அதிகாரி வழக்குப் போட்டார், 1979இல் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர் எங்கள் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர்.

போன மாதம் ஒரு இடத்தை அளக்கப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணையும் கூட்டிப் போனேன், டேப்பின் மறுமுனையை அவள்தான் பிடித்தாள்.