கச்சான் காலத்துப் பராமரிப்பு: கேள்வி-பதில்

கச்சான் என்னும் வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் முதியவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்வோர் அனுப்பிய கேள்விகளில் நான்கு.

கேள்வி: அம்மம்மாவுக்கு 82 வயது. நாள் முழுக்க இரண்டு கோப்பைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கேட்டால் தாகமில்லை என்கிறார். (கல்லடி)

பதில்: அவர் சொல்வது உண்மைதான், மகள். வயது போகப் போக, உடம்பில் நீர் வற்றினாலும் தாகம் தெரியாது. கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்து மணித்தியாலத்துக்கு அரைக் கோப்பை கொடுங்கள். வெறும் தண்ணீர் பிடிக்காவிட்டால் கஞ்சி, மோர், வத்தகப்பழம் எதுவும் சரி.

இன்னொன்றையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். இரவில் எழும்பி மலசலகூடத்துக்குப் போகப் பயந்துதான் குடிக்காமல் இருக்கிறாரா? நான் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலத்தில் இதை என்னிடம் சொன்ன அம்மாமார் பலர். பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம். அப்படியென்றால் பெரும்பங்கை மாலை 5 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். கட்டிலருகே கொமட் கதிரை ஒன்றை வைத்து, இரவில் சின்ன லைட்டை எரியவிடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாய்ப் போனால், குடித்தது போதவில்லை.

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்துக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை. ஃபேன் போட்டாலும் மதியம் அனல்தான். (அக்கரைப்பற்று)

பதில்: கூரைமேல் கிடுகு பரப்பிக் கட்டினால் நன்றாகக் குறையும். அஸ்பெஸ்டாஸ் சீட்டை மிதித்து ஏறாதீர்கள், உடையும். அறையில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். 40 பாகைக்கு மேல் போனால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். ஆட்களை மரநிழலுக்கு மாற்றுங்கள். அதற்குக் குறைவென்றால் ஈரத் துவாயால் கழுத்து, கை, கால்களைத் துடைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். ஈரம் காயும்போதுதான் சூடு இறங்கும். படுக்கையில் றப்பர் சீட் இருந்தால் மேலே பருத்தித் துணி விரியுங்கள். முதுகில் வியர்வை தேங்கும் இடம் அதுதான்.

கேள்வி: அப்பா இதயத்துக்காக நீர் போகும் குளிசை எடுக்கிறார். வெயில் நாளில் நிறுத்தலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள். சிறுநீரக நோயும் இருந்தால் செவ்விளநீரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம். மனநோய்க்கான சில குளிசைகள் வியர்வையைக் குறைக்கும். அவற்றை எடுப்பவர்களையும் கவனியுங்கள்.

கேள்வி: மாமி மத்தியானம் திடீரென்று உளறினார். வயதுதானே என்று விட்டோம். மாலையில் தெளிந்துவிட்டார். (வாழைச்சேனை)

பதில்: தெளிந்தது பெரிய ஆறுதல். ஆனால் காலையில் நன்றாகப் பேசியவர் மத்தியானம் உளறினால் அது வயது அல்ல. நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபடி நடந்து உடம்பும் கொதித்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தெளிவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். உடுப்பைத் தளர்த்தி, நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் வார்த்து விசிறுங்கள். அம்புலன்ஸ் வாசலுக்கு வரும்வரை வார்ப்பதை நிறுத்தவேண்டாம்.