இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் போடலாமா? கேள்வி பதில்

குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்து 28 வருடம் ஆகிறது. பெட்ரோல் கார் பற்றி எதுவானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். புதியவர்களுக்கு: இஞ்சின் இழுக்கும் காற்றில் பெட்ரோலைத் தானாகக் கலந்துவிடுவது கார்புரேட்டர்; கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்‌ஷன்.

கோத்தகிரி: அண்ணா, என்னிடம் இருப்பது 2003 எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன்) ஜிப்சி ஜீப். ஏற்றத்தில் திடீரென்று அணைந்துவிடுகிறது. மூன்று இடத்தில் காட்டியாச்சு. பேசாமல் பழைய கார்புரேட்டரை மாட்டு என்கிறார்கள். மாட்டலாமா?

மாட்ட முடியாதென்று சொல்ல மாட்டேன் தம்பி, ஆனால் என்னென்ன மாற வேண்டும் என்று கேளுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. கார்புரேட்டருக்குக் கால் பார் போதும். அந்தப் பம்பை அப்படியே கொடுத்தால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தாங்காது, பெட்ரோல் பொங்கி வழிந்து சூடான இஞ்சின் மேல் விழும், வண்டி பற்றிக்கொள்ளும். பம்பை மாற்றாமல் கார்புரேட்டரில் கை வைக்கவே கூடாது. அப்புறம், உங்கள் இஞ்சினில் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்று தீர்மானிப்பதே இசிஎம் என்கிற கம்ப்யூட்டர்தான். அதை எடுத்தால் வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே விடும் (அட்வான்ஸ்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு வழி செய்ய வேண்டும். கார்புரேட்டர் ஜிப்சி 8 வால்வு, உங்களுடையது 16 வால்வு, அதனால் காற்று உள்ளே போகும் பழைய இன்டேக் மேனிஃபோல்டும் இதில் உட்காராது. இவ்வளவு செலவுக்கு முன்னால் பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். போன மழைக்காலத்தில் இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் பம்பை வெளியே எடுத்தால், அடியில் உள்ள வலையில் டீத்தூள் அப்பிய மாதிரி துரு. வலையை மாற்றி டேங்கைக் கழுவினோம், வேறெதையும் தொடவில்லை, இன்றைக்கும் ஓடுகிறது.

மேட்டுப்பாளையம்: கார்புரேட்டர் போட்டால் மைலேஜ் கூடுமா?

குறையும்.

கூடலூர்: என் டீசல் ஜீப்புக்குப் போடலாமா சார்?

முடியாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால்தான் அது எரியும்.

ஊட்டி: மலைக்குக் கார்புரேட்டர்தான் நல்லது என்று எங்கள் அப்பா சொல்வார், உண்மையா?

மலைக்குத்தான் அது ஒத்துவராது. ஊட்டி 2,240 மீட்டர். மலையடியில் உள்ள மேட்டுப்பாளையத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக இருக்கும் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) மேலே வந்ததும் காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் விடும். பிளக் கரி பிடிக்கும், பிக்கப் சாகும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் எரியாத பெட்ரோல் அதில் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். மேலே சரியாக இருக்கும்படி சின்ன ஜெட் போட்டால், கீழே போனதும் பெட்ரோல் போதாமல் லீனாகிச் சூடேறும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. பர்லியாறிலிருந்து குன்னூர் வரை நீங்கள் வளைவு வளைவாக ஏறும்போது அது ஒவ்வொரு நொடியும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வருகிறது.

கோத்தகிரி (வேறொருவர்): இதை ஒத்துக்க மாட்டேன் அண்ணா. நடுக்காட்டில் நின்றால் கார்புரேட்டரை ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சரி பண்ணலாம். இசிஎம் போனால் லாரி பிடித்துத்தான் இறக்கணும்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எத்தனை தடவை நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லாறு தாண்டி, இஞ்சின் பக்கத்துப் பம்பில் பெட்ரோல் ஆவியாகி நின்ற அம்பாசிடர்களுக்கு ஈரத்துணி சுற்றியவன் நான். உயரம் ஏற ஏறப் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்‌ஷன் லைனில் அந்தத் தொல்லை அபூர்வம். மார்கழிப் பனியில் கார்புரேட்டர் கழுத்தில் ஐஸ் கட்டி ஐடிலிங் நிற்காமல் தவித்ததும் உண்டு.

அதே ஆள்: ஈரத்துணி ஐந்து நிமிட வேலை. பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே போனால்?

ஒரு ரிலே, இரண்டு ஃபியூஸ் டாஷ்போர்டில் வைத்திருங்கள். அதுவும் ஐந்து நிமிடம்தான்.

மேட்டுப்பாளையம்: பழைய பம்பையே வைத்து ஓட்டலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். கூடாது.

ஊட்டி: ஆர்சி பிரச்சினை வருமா?

வரும். தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. புகைச் சோதனையிலும் தேறுவது கஷ்டம்.

கூடலூர்: அதே பம்ப், நடுவில் ரெகுலேட்டர் வைத்தால்?

மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத சாதா ரெகுலேட்டர் 3 பாரைக் கால் பாராக்கி நிறுத்தாது. பம்பைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம், பதிலை மூன்று தடவை சொல்லியாச்சு.

குன்னூர்: மன்னிக்கணும் அண்ணா, நானும் பம்ப் பற்றித்தான். போன வாரமே மாட்டிட்டாங்க, பம்ப் பழசுதான். காலையில் பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசம்.

நல்லவேளை, கேட்டீர்கள். வண்டியைக் கிளப்பாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், திருப்பினாலே பம்ப் ஓடும். ஷெட்டுக்குள் இருந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் நியூட்ரலில் வெளியே தள்ளி, வாசம் போகும்வரை பானட்டைத் திறந்து வையுங்கள். அப்புறம் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். எந்தத் தெரு என்று தனியாக எழுதுங்கள், இன்றைக்கே வருகிறேன்.