1,035 ரூபாய் கூலி யாருக்கு? நான்காவது இடம் எதில்?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவி செக்கிங் வேலை பார்க்கிறாள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 1,035 ரூபாய் என்று 2024இல் செய்தி வந்ததே, எங்களுக்கு ஏன் வரவில்லை? முதலாளி தரப்பில் "வாரம் 5,400 வாங்குகிறாய், அதுவே அதிகம்" என்கிறார்கள். வருமான ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியா நான்காவது என்று மாமா வாட்ஸாப்பில் அனுப்புகிறார். 1% பேர் 40% வருமானத்தை வைத்திருக்கிறார்கள் என்கிறார் சங்கத் தோழர். யாரை நம்புவது?

பதில்: உங்கள் கூலியிலிருந்து தொடங்குகிறேன். மாதச் செலவு அதை வைத்துத்தானே ஓடுகிறது.

1,035 பொய்யான எண் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு அறிவித்த விகிதம் அது. ஆனால் அது 'ஏ' பகுதி எனப்படும் பெருநகரங்களில், மிக உயர்திறன் தொழிலாளருக்கு. அதே பட்டியலில், அதே பகுதியில், திறன் தேவைப்படாத வேலைக்கு 783 ரூபாய்தான். தலைப்பில் வந்ததோ மேல் வரி மட்டும். இன்னொன்று, இந்தப் பட்டியல் ரயில்வே, சுரங்கம், துறைமுகம் போன்ற மத்திய அரசு வரம்பில் வரும் வேலைகளுக்கானது. உங்கள் பனியன் கம்பெனிக்கு மாநில அரசின் பட்டியல்தான் பொருந்தும். அந்த உயர்வும்கூட விலைவாசிக்கு ஈடாகப் பஞ்சப்படியில் சேர்த்தது. அடிப்படை ஊதியத்தை யாரும் தொடவில்லை.

இதற்கு நேர் எதிரான எண்ணும் உண்டு. மாநிலங்கள் இதற்குக் கீழே போக வேண்டாம் என்று மத்திய அரசு சொல்லும் தேசியத் தரைமட்டக் கூலி 2017இல் 176 ரூபாய், 2019இல் 178. இரண்டே ரூபாய் கூடியது. அரசே அமைத்த நிபுணர் குழு 2019இல் 375 வேண்டும் என்றது. 178, 375, 783, 1,035 எல்லாமே "இந்தியாவின் குறைந்தபட்சக் கூலி" என்று மேடையில் பேசப்படுகின்றன. எந்த வேலைக்கு, எந்த ஊருக்கு, யார் அறிவித்தது என்று கேட்காமல் இவற்றில் எதையும் ஏற்காதீர்கள்.

சரி, உங்கள் 5,400க்கு வருவோம். ஆறு நாளால் வகுத்தால் நாளுக்கு 900, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், ஓடுவது ஊரறிந்தது. நீங்களும் தினம் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறீர்கள் என்றால் ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட். 5,400ஐ ஒன்பதால் வகுத்தால் 600. அப்புறம், சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அரை ஷிப்டுக்கு ஒரு முழு ஷிப்ட் கூலி என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு ஷிப்ட் கூலி சேர வேண்டும். அப்படிப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 450. ஒரே சனிக்கிழமைச் சம்பளத்தை 900 என்றும் சொல்லலாம், 450 என்றும் சொல்லலாம். மாநிலப் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது 450ஐ. தொழிலாளர் படும் பாட்டைச் சராசரிக்குள் மறைக்கும் இந்தக் கணக்குதான் எனக்கு மிகவும் வலிப்பது.

இனி மாமாவின் செய்தி. 2025 ஜூலையில் அரசின் செய்திக்குறிப்பில் வந்ததுதான் அது. உலக வங்கித் தரவுப்படி இந்தியாவின் கினி குறியீடு 25.5, உலகில் நான்காவது இடம். எல்லாரும் சமம் என்றால் இந்தக் குறியீடு 0, ஒருவரே அத்தனையும் வைத்திருந்தால் 100. ஆனால் இந்தியாவில் அளந்தது வருமானத்தை அல்ல, செலவை. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 குடும்பங்களிடம் அரிசி, எண்ணெய், துணி, மருந்து என்று வாங்கியதையெல்லாம் கேட்டு எழுதினார்கள். அதே வரிசையில் அமெரிக்காவுக்கு 41.8; அது வருமானத்தை அளந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் நம் நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைவு என்றுதான் தெரியும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 20,000 சம்பாதிக்கும் குடும்பம் முழுவதையும் செலவழித்துவிடும். 20 லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 3 லட்சம் செலவழித்து மிச்சத்தை நிலத்திலும் பங்கிலும் போடும். வருமானத்தில் 100 மடங்கு, செலவில் 15 மடங்கு.

பெரும் பணக்காரர்கள் இந்தக் கணக்கெடுப்பில் அகப்படுவதும் அரிது. அதன்படி நகரங்களில் உச்சியில் உள்ள 5% பேரின் சராசரிச் செலவே ஆளுக்கு மாதம் 20,824 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு 83,000 சொச்சம். அடுக்குமாடியில் கடன் கட்டும் ஐ.டி. குடும்பம் இதற்குள் அடங்கும். முதலாளிகளின் பங்களாக்கள் எங்கே? ஏற்றத்தாழ்வு இதில் குறைவாகத் தெரியலாம் என்று 25.5 என்ற எண்ணைத் தந்த உலக வங்கிக் குறிப்பே எச்சரிக்கிறது. வருமானத்தை அளக்கும் உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் 2023இல் இந்தியாவுக்கு 62 தருவதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு வந்த செய்தியில் அந்த வரிகள் இல்லை.

தோழரும் கொஞ்சம் வழுக்கியிருக்கிறார். 2022-23இல் மேல்தட்டு 1% பேரிடம் இருந்தது சொத்தில் 40.1%. வருமானத்தில் அவர்கள் பங்கு 22.6%. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீடுகள் இவை. சொத்து என்பது சேர்த்து வைத்தது, வருமானம் ஆண்டுதோறும் வருவது. 22.6 என்பதே போதுமான அளவுக்குப் பெரிய எண். அதை 40 ஆக்கிப் பேசினால், தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளில் சரியான எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியம், பஞ்சப்படி இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். தமிழக அரசின் தொழிலாளர் துறை ஒவ்வொரு ஏப்ரலிலும் பஞ்சப்படியைத் திருத்துகிறது. பின்னலாடைத் தொழிலுக்கான பட்டியலை லேபர் ஆபீசில் கேட்டு, உங்கள் வேலைக்கான வரியோடு எட்டு மணி நேரக் கூலியை ஒப்பிடுங்கள். பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, என்றாலும் ஒப்பிடலாம். மனைவியின் கணக்கையும் தனியாகப் போடுங்கள். செக்கிங்குக்கு என்ன விகிதம் இருக்கிறதோ அது முழுதாக வர வேண்டும். ஒரே வேலைக்கு ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு வரி அந்தப் பட்டியலில் கிடையாது.