நிலவில் நாம் காணும் இருட்டு யாருடையது?

கேள்வி: நிலவு தேய்வதற்குப் பூமியின் நிழல் அதன்மேல் விழுவதே காரணம் என்று என் மகன் தேர்வில் எழுதினான். அறிவியல் ஆசிரியை அதற்கு மதிப்பெண் தரவில்லை. நானும் சிறு வயதில் அப்படித்தான் படித்தேன். தலைமையாசிரியருக்குப் புகார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என் பக்கம் நியாயம் உண்டல்லவா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: இல்லை. ஆசிரியை திருத்தியதே சரி.

பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதற்குச் சந்திர கிரகணம் என்று பெயர். அது பௌர்ணமியன்று மட்டுமே, அதிலும் எப்போதாவதுதான் நிகழும். 2025 செப்டம்பர் 7 அன்று இரவு 10 மணிக்குச் சற்று முன்பு நிலவை மறைக்கத் தொடங்கிய அந்த நிழல், ஏறத்தாழ 82 நிமிடங்கள் அதை முழுமையாக மூடியிருந்து, பின்னிரவு ஒன்றரை மணிக்குள் விலகியும் விட்டது. சில மணி நேரத்தில் கடந்துபோகும் அந்த நிழலைக் கொண்டு, பதினைந்து நாள் நீளும் தேய்பிறையை எப்படி விளக்குவீர்கள்?

பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் நீண்டு கிடக்கிறது. அமாவாசையன்று நிலவு சூரியன் இருக்கும் பக்கத்தில் நிற்கிறது. அதாவது, உங்கள் மகன் எழுதியபடி நிழல் நிலவை முழுவதுமாக மூடியிருக்க வேண்டிய அந்த நாளில்தான், நிலவு அந்த நிழலுக்கு முற்றிலும் எதிர்ப்புறத்தில் இருக்கிறது.

உண்மைக் காரணத்தை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு வாக்கிலேயே தமது நூலில் எழுதிவிட்டார்: கோள்களின் ஒரு பாதி சூரியனை நோக்கியிருப்பதால் ஒளிர்கிறது, மறு பாதி அவற்றின் சொந்த நிழலால் இருண்டிருக்கிறது. நிலவும் அப்படித்தான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அதன் ஒரு பாதியில் பகல், மறு பாதியில் இரவு; இந்த அளவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நிலவு நம்மைச் சுற்றி வருவதால், அதன் பகல் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே நாளுக்கு நாள் மாறுகிறது. நாம் காணும் கருமை நிலவின் சொந்த இரவு.

உங்கள் வீட்டுப் பஞ்சாங்கமே இதற்குச் சாட்சி சொல்லும். சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. முப்பது திதிகளில் 360 பாகை நிறைந்து, ஏறத்தாழ 29½ நாளில் அடுத்த அமாவாசை வருகிறது. வளர்பிறை அஷ்டமியின் நடுவில் அந்தக் கோணம் சரியாக 90 பாகை. பாதி நிலவு தெரிவதும் அப்போதுதான். திதி என்று நாம் நாள்தோறும் சொல்வது இந்தக் கோணத்தைத்தான் என்பதை எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

சந்திரயான்-3 தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலையும் நம் வானில் ஏறத்தாழப் பாதி நிலவே இருந்தது. சூரிய ஒளியால் இயங்கும் கலம் என்பதால், இறங்குமிடத்தில் பகல் தொடங்கிய வேளையாகப் பார்த்து இறக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அங்கே இரவு நெருங்கியபோது அதை உறங்க வைத்தார்கள்.

மகனுக்குக் காட்ட ஓர் எலுமிச்சம்பழம் போதும். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, முகத்தின் உயரத்தில் ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் எரியவிடுங்கள். பழத்தைக் கை நீட்டிப் பிடித்தபடி, அவன் பல்பை நோக்கி நின்று மெல்ல இடப்புறமாகச் சுழலட்டும். பல்புக்கு நேராக இருக்கும்போது பழம் இருண்டிருக்கும்; சற்றுத் திரும்பியதும் ஓரத்தில் பிறை முளைக்கும்; கால் சுற்றில் பாதி ஒளிரும். முதுகு பல்பின் பக்கம் வரும்போது அவனுடைய தலையின் நிழல் பழத்தை மறைக்கும். அதுதான் கிரகணம். கையைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். நிழல் விலகி, பழம் முழுமையாக ஒளிரும். நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பெரும்பாலான பௌர்ணமிகள் இப்படி நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிவிடுகின்றன.

அடுத்த தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, மகன் பள்ளிக்குப் புறப்படும் காலை ஏழரை மணிக்கு மேற்கு வானைப் பாருங்கள். வெளிறிய பாதி நிலவு நிற்கும். கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கும். நிலவின் ஒளிரும் பாதி வெயிலின் பக்கமே திரும்பியிருக்கும். அந்நேரம் பூமியின் நிழல் தொடுவானத்துக்குக் கீழே கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.